முறை வைத்து ஓய்வெடுக்கும் படுகை

பிரான்சில் ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் உள்ளன. மேயர் ஒருவரின் தலைமையில் இயங்கும் அடிமட்ட நிர்வாகம் அது. நம் ஊராட்சிக்கு நிகரானது. பாதிக்கும் மேற்பட்ட கம்யூன்களில் 500 பேர்கூட வசிப்பதில்லை. ஒரு தேவாலயம், நாலைந்து தெருக்கள், சுற்றிலும் வயல், ஓரமாக ஓர் ஓடை என்றிருக்கும் இப்படிப்பட்ட ஊர்களின் சாக்கடை நெடுங்காலம் அந்த ஓடையில்தான் கலந்தது. 1991ல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த நகர்ப்புறக் கழிவுநீர் ஆணை இதற்கு ஒரு கெடு வைத்தது. 2,000 பேருக்கும் குறைவான ஊராக இருந்தாலும், சாக்கடைக் குழாய் பதித்திருந்தால், 2005 முடிவதற்குள் அந்த நீரைத் தகுந்தபடி சுத்திகரித்த பிறகே ஆற்றில் விட வேண்டும் என்றது.

ஆணை போடுவது எளிது. நிறைவேற்றுவதுதான் கடினம். பெரிய நகரங்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. 1914ல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை அது. கழிவுநீரைத் தொட்டியில் தேக்கி, இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், அதில் பெருகும் பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று தீர்த்துவிடும். உலகின் பெரும்பாலான நகரச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்றும் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன.

முந்நூறு பேர் ஊருக்கு இது ஒத்துவராது. இரவில் சாக்கடையில் ஒரு சொட்டும் வராது. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். விடுமுறைக் காலத்தில் மக்கள்தொகையே இரட்டிப்பாகும். காற்று ஊதும் இயந்திரம் சில மணி நேரம் நின்றாலே தொட்டியில் இருக்கும் பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறும். அன்றாடம் சேரும் சேற்றை அள்ள வண்டி வர வேண்டும், நிலையத்தைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். சின்ன ஊரின் வரவுசெலவில் இதற்கெல்லாம் இடமில்லை.

இன்று பிரான்சில் 4,000க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் வேறொரு வழியில் தங்கள் சாக்கடையைச் சுத்தம் செய்கின்றன. ஊர்க்கோடியில் ஜல்லி நிரப்பிய சில பாத்திகள், அவற்றில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் நாணல். சரிவான நிலமாக இருந்தால் மோட்டாரும் கிடையாது, மின் இணைப்பும் கிடையாது. இதைச் செயற்கை ஈரநிலம் என்கிறோம். பார்ப்பவர்கள் உடனே வருகிற முடிவு, அழுக்கை நாணல் உறிஞ்சிவிடுகிறது என்பது. அப்படி நம்பித்தான் இந்தத் துறையும் முதலில் வழி தவறியது.

மணலுக்குள் யார்?

இந்தப் படுகையின் அறிவியல் நாணலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1860களின் இறுதியில் பிரிட்டன் தன் நாறும் ஆறுகளை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. அதில் இருந்த வேதியியலாளர் எட்வர்ட் பிராங்க்லாண்ட், மண்ணும் மணலும் நிரப்பிய உருளைகளில் லண்டன் சாக்கடையை ஊற்றிப் பார்த்தார். இடைவிடாமல் ஊற்றியபோது உருளை சீக்கிரமே அடைத்துக்கொண்டது, நாற்றமும் எடுத்தது. கொஞ்சம் ஊற்றி, வடியவிட்டு, காற்று உள்ளே போக அவகாசம் கொடுத்து மறுபடி ஊற்றியபோது தெளிந்த நீர் வந்தது. மாதக்கணக்கில் வந்தது. மண் வடிகட்டி நன்றாக வேலை செய்ய அதற்கு இடைவேளை தேவை என்பதை அவர் 1870லேயே எழுதிவைத்தார். ஆனால் அதை ஒரு வேதிவினையாகவே பார்த்தார்.

அது வெறும் வேதிவினை இல்லை என்பதைக் காட்டியவர்கள் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். 1877ல் அவர்கள் மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். முதல் இருபது நாள் உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் தலைகாட்டத் தொடங்கியது. அம்மோனியா குறைந்து, கடைசியில் காணாமலே போனது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் தாமதம் ஏன்? குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றுவிட்டது. ஆவி நீங்கிய பிறகும் அது தானாகத் திரும்பவில்லை. வளமான மண்ணைக் கழுவிய நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் சில நாளில் மீண்டும் தொடங்கியது. மயக்க மருந்தில் நிற்பதும், விதை போட்டால் முளைப்பதும் உயிரின் வேலை. மணலுக்குள் உயிர் இருக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அந்த உயிர்களை நாம் இப்போது நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா என்றெல்லாம் பெயர் சொல்லி அழைக்கிறோம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிப் பிழைப்பவை அவை. இவற்றோடு கரிமப் பொருளைத் தின்னும் எண்ணற்ற பாக்டீரியாக்களும், அந்த பாக்டீரியாக்களைத் தின்னும் ஒருசெல் உயிரிகளும் புழுக்களும் சேர்ந்து ஒவ்வொரு ஜல்லிக் கல்லின் மீதும் வழுவழுப்பான படலமாகப் படிந்து வாழ்கின்றன. சுத்தம் செய்வது இந்தப் படலம்தான்.

படலத்துக்குத் தேவை இரண்டே பொருள்: உணவு, ஆக்சிஜன். உணவை ஊர் தருகிறது. ஒரு மனிதரின் ஒரு நாள் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு ஐந்து நாளில் 60 கிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பது ஐரோப்பிய ஆணை வைத்திருக்கும் கணக்கு. ஆயிரம் பேர் ஊரென்றால் அன்றாடம் 60 கிலோ. இதற்கு மேல் அம்மோனியா வேறு இருக்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகும். நகர நிலையங்கள் இத்தனை ஆக்சிஜனையும் மின்சாரம் கொண்டு ஊதி ஏற்றுகின்றன. மின்சாரம் இல்லாத படுகைக்குள் அது எப்படிப் போய்ச் சேரும்? செயற்கை ஈரநிலத்தின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான்.

நாணல் மீது வைத்த நம்பிக்கை

1950களில் ஜெர்மனியின் ப்ளோன் நகரிலிருந்த மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் நீர்க்கோரைகளை ஆராய்ந்துவந்தார். பீனால் கலந்த ஆலைக் கழிவில்கூடக் கோரை பிழைத்து நிற்பதையும், அது நின்ற நீர் தெளிவதையும் கண்டார். சாக்கடையைச் செடி வளர்த்துச் சுத்தம் செய்யலாம் என்று அவர் சொன்னபோது கழிவுநீர்ப் பொறியாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. அவர் மனம் தளராமல் மணலும் ஜல்லியும் நிரப்பிய படுகைகளை அடுக்கடுக்காக அமைத்து, மேலிருந்து நீரை ஊற்றிக் கீழே வடித்துக் காட்டினார்.

அவரோடு பணியாற்றிய ராய்ன்ஹோல்ட் கிக்குத் வேறு பாதையில் போனார். ஜல்லி வேண்டாம், களிமண் கலந்த மண்ணே போதும். நாணல் வேர்கள் மண்ணைத் துளைத்துத் துளைத்து நீருக்கு வழிவிடும். வேர்களின் வழியே ஆக்சிஜனும் உள்ளே இறங்கும் என்றார். 1974ல் ஜெர்மனியின் ஓத்பிரெசன் என்ற ஊரில் அவருடைய முறையில் முழு அளவுப் படுகை செயல்பாட்டுக்கு வந்தது. 1980களில் டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் இந்த 'வேர்ப்பகுதி முறை' பரவியது.

எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஆண்டுகள் போயும் மண் திறந்துகொடுக்கவில்லை. சாக்கடை மண்ணுக்குள் இறங்காமல் மேலாகவே ஓடியது. அளந்து பார்த்ததில், கரிமக் கழிவு ஓரளவு குறைந்திருந்தது, அம்மோனியா மட்டும் பெரிதும் அப்படியே இருந்தது. நாணல் தன் உள்ளீடற்ற தண்டு வழியே வேருக்குக் காற்று அனுப்புவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதியை வேரே சுவாசித்துவிடுகிறது. வெளியே கசிவது சாக்கடையின் பசிக்கு முன் ஒன்றுமே இல்லை. செடி உறிஞ்சும் நைட்ரஜனும் வருகிற நைட்ரஜனில் சிறு பங்குதான். மண்ணுக்குப் பதிலாக ஜல்லி போட்டதும் நீர் ஓடத் தொடங்கியது. ஆனால் எப்போதும் நீரில் மூழ்கிக் கிடந்த ஜல்லிக்குள் ஆக்சிஜன் போக வழியில்லை. பிரிட்டனில் இத்தகைய படுகைகள் நிலைத்ததும், பெரும்பாலும் வேறு முறையில் ஏற்கெனவே சுத்திகரித்த நீரைக் கடைசியாக ஒருமுறை மெருகேற்றும் இடத்தில்தான்.

மூன்று பாத்தி, வாரம் இருமுறை

பிரான்சின் வேளாண்-சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான செமாக்ரெப் (இன்று இன்ரே நிறுவனத்தில் இணைந்திருக்கிறது) சைடல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அவருடைய முறையில் 1982ல் சான்-போயேர் என்ற சிற்றூரில் அமைந்த நிலையத்தைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், தேவையற்றதைக் கழித்து, தேவையானதைத் திருத்தி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1990களில் அது ஊர் ஊராகப் பரவியது.

இதன் துணிச்சலான அம்சம், சாக்கடையை அப்படியே பாத்தியில் கொட்டுவது. செப்டிக் டேங்க் இல்லை, வண்டல் தொட்டி இல்லை. கந்தலும் பிளாஸ்டிக்கும் சிக்கிக்கொள்ள ஒரு கம்பித் தடுப்பு மட்டும் உண்டு. அதைத் தாண்டிய நீர் ஒரு தொட்டியில் சேரும். குறிப்பிட்ட மட்டம் வந்ததும் சைபன் திறந்துகொண்டு தொட்டி மொத்தமும் ஒரே மூச்சில் பாத்தியின் மேல் பாயும். சில நிமிடங்களில் பாத்தி முழுவதும் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரம் நீர் பரவி, உள்ளே இறங்கிவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் மொத்தமாகக் கொட்டுவதற்குக் காரணம் உண்டு. இறங்கும் நீர் இடுக்குகளில் இருந்த பழைய காற்றைக் கீழே தள்ளுகிறது. நீர் வடிந்ததும் புதுக்காற்று பின்னாலேயே உள்ளே இழுக்கப்படுகிறது. அடியில் கிடக்கும் வடிகால் குழாய்கள் மேலே நீட்டிய புகைபோக்கிகளோடு இணைந்திருப்பதால் கீழிருந்தும் காற்று ஏறும். ஆக்சிஜன் நீரில் பரவுவதைவிடக் காற்றில் ஏறத்தாழ 10,000 மடங்கு வேகமாகப் பரவும். இடுக்குகள் நீரால் நிரம்பாமல் காற்றால் நிரம்பியிருந்தால் பாக்டீரியாவுக்கு மூச்சுமுட்டாது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: ஆக்சிஜனைக் கொண்டுவர வேண்டியது வேர் அல்ல, காலி இடம்.

முதல் நிலைப் பாத்தியின் மேலடுக்கு 2 முதல் 6 மில்லிமீட்டர் பொடி ஜல்லி, குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழம். அதன் கீழே பருமனான ஜல்லி, அடியில் கூழாங்கல். ஒருவருக்கு 1.2 சதுர மீட்டர் என்ற கணக்கில் வரும் இந்தப் பரப்பு மூன்று சமப் பாத்திகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பாத்தி மூன்றரை நாள் சாக்கடையை வாங்கும். பிறகு ஏழு நாள் சும்மா கிடக்கும். அந்த ஏழு நாளும் மற்ற இரண்டும் மாறி மாறி வேலை செய்யும். கடைமடை வரை முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியின் வேலை இங்கே சாக்கடைக்கு நடக்கிறது: திங்கட்கிழமை ஒருமுறை, வியாழக்கிழமை ஒருமுறை ஊராட்சிப் பணியாளர் வந்து வால்வைத் திருப்பிவிட்டுப் போவார். மூன்றரை நாள் என்ற கணக்கு வாரத்துக்கு இரண்டு வருகை என்பதோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

சும்மா கிடக்கும் ஏழு நாளில்தான் படுகை தன்னைச் சீர்படுத்திக்கொள்கிறது. மூன்றரை நாள் விருந்தில் கொழுத்த நுண்ணுயிர்ப் படலம் இடுக்குகளை அடைக்கத் தொடங்கியிருக்கும். உணவு நின்றதும் அது பட்டினியில் தன்னையே தின்று மெலியும். மேலே படிந்த கசடு வெயிலில் காய்ந்து வெடிக்கும். மண்புழுக்களும் பூஞ்சைகளும் அதை மட்கவைக்கும். அடுத்த முறை நீர் வரும்போது வழி திறந்திருக்கும். 1870ல் பிராங்க்லாண்ட் கண்ட இடைவேளைதான் இது.

அப்படியானால் நாணல் எதற்கு? மேலே படியும் கசட்டுப் பத்தையைத் துளைத்துக்கொண்டு புதுத் தண்டுகள் முளைத்தபடியே இருக்கும். காற்றில் தண்டு ஆடும்போது அதன் அடியைச் சுற்றி வளையமாக ஓர் இடைவெளி விழும். நீர் அதன் வழியே இறங்கும். நாணல் இல்லாவிட்டால் கசடு தகடாக இறுகிப் பாத்தியை மூடிவிடும். நிழலும் ஈரமும் தந்து கசடு மட்கவும் அது உதவுகிறது. இலையுதிர் காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அறுத்தெடுத்தால் போதும்.

முதல் நிலையைத் தாண்டிய நீர், ஒருவருக்கு 0.8 சதுர மீட்டர் அளவில் இரண்டு மணல் பாத்திகளில் மாறி மாறிப் பாய்கிறது. அங்கேதான் அம்மோனியாவின் மீதி தீர்கிறது. இரண்டும் சேர்ந்து ஒருவருக்கு 2 சதுர மீட்டர். முந்நூறு பேர் ஊருக்கு ஏறத்தாழ 15 சென்ட், ஆயிரம் பேருக்கு அரை ஏக்கர். பாதை, வேலி, தொட்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல். நன்றாகப் பராமரிக்கப்படும் நிலையங்களில் கரிமக் கழிவில் ஏறத்தாழ 90 சதவீதமும், மிதக்கும் கசட்டில் 95 சதவீதமும், அம்மோனியாவும் கரிம நைட்ரஜனும் சேர்ந்ததில் 85 சதவீதமும் நீங்குகின்றன. முதல் பாத்திகளின் மேல் கசடு ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் உயர்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வாரியெடுத்து வயலுக்கு உரமாக இடுகிறார்கள். அடியில் தங்கிய நாணல் கிழங்குகள் மறுபடி துளிர்த்துவிடும்.

இதனால் ஆகாதவை

படுகையைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடுகிற சில உண்டு. காற்றோட்டமான படுகையில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுமே தவிர நைட்ரஜனில் பெரும்பகுதி நீரை விட்டுப் போவதில்லை. அதை விரட்ட வேண்டுமானால் அடியில் ஒரு பகுதியை வேண்டுமென்றே நீரில் மூழ்கவைத்து, நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். பாஸ்பரஸ் பெரும்பாலும் தங்காது. நோய்க்கிருமிகள் பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோ குறையலாம்; சாக்கடையில் அவை கோடிக்கணக்கில் இருக்கும்போது அது போதாது. வெளிவரும் நீர் கண்ணாடிபோல இருந்தாலும் பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் பாய்ச்சத் தகாது. மரத்துக்கும் தீவனப் புல்லுக்கும் விடலாம். பெருநகருக்கும் இது பொருந்தாது. ஒரு கோடி பேருக்கு 2,000 ஹெக்டேர் வேண்டும். எந்த நகரில் அந்த நிலம் சும்மா கிடக்கிறது?

படுகையை உண்மையிலேயே கொல்வது இரண்டு: எண்ணெய்ப் பிசுக்கு, கவனிப்பாரின்மை. தாய்லாந்தின் பீபீ தீவு இதற்குச் சான்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சிதைந்த அந்தச் சுற்றுலாத் தீவுக்கு டென்மார்க் அரசு உதவியது. பூவும் வண்ணத்துப்பூச்சியும் போன்ற வடிவத்தில், கல்வாழையும் ஹெலிகோனியாவும் பூத்துக் குலுங்க, நாளுக்கு 400 கன மீட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் படுகைகள் அமைந்தன. சாக்கடை நிலையம் பூங்காவாகவும் ஆனது. ஆனால் உணவகங்கள் பலவற்றில் எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்துநிறுத்தும் தொட்டி சரியாக இல்லை. கொழுப்பு வந்து படிந்து பாத்திகள் அடைத்தன, நாற்றம் கிளம்பியது. யார் பொறுப்பு, யார் பராமரிப்பது என்பதிலும் தெளிவில்லை. வடிவமைத்தவர்களில் ஒருவரான டென்மார்க் ஆய்வாளர் ஹான்ஸ் பிரிக்ஸ் உள்ளிட்டோர் இந்தக் குறைகளைத் தாங்களே பதிவு செய்தார்கள்.

வெப்பநாடுகளுக்கு நல்ல செய்தியும் உண்டு. மார்ட்டினிக், மயோட், பிரெஞ்சு கயானா போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் இந்தப் படுகைகளைச் சோதித்தபோது, வெப்பத்தில் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்வதால் மூன்று பாத்திக்குப் பதில் இரண்டே போதும், பெரும்பாலான ஊர்களில் இரண்டாம் நிலையைக்கூட விட்டுவிடலாம் என்று தெரியவந்தது. தேவையான நிலம் ஏறத்தாழ பாதியானது. நாணல் அயல் களையாகப் பரவக்கூடிய தீவுகளில் ஹெலிகோனியா போன்ற செடிகளை நட்டுப் பார்த்தார்கள். தண்டு முளைத்துக்கொண்டே இருந்தால் போதும், எந்தச் செடி என்பது இரண்டாம்பட்சம்.

நம் பக்கத்தில் ஆரோவில்லிலும், புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையிலும் செடி நட்ட ஜல்லிப் படுகைகள் பல ஆண்டுகளாகக் கழிவுநீரைச் சுத்திகரிக்கின்றன. அவை வேறு வகை: வண்டல் தொட்டியும் காற்றில்லாத் தடுப்பறைகளும் பெரும்பகுதி அழுக்கைத் தின்ற பிறகு, நீர் ஜல்லிக்குள் கிடைமட்டமாக நகர்கிறது. நீர் ஜல்லிக்குக் கீழேயே ஓடுவதால் கொசு முட்டையிட இடமில்லை. ஆனால் முன்தொட்டிகளின் கசட்டை அவ்வப்போது அள்ளியாக வேண்டும். பிரெஞ்சு முறையில் அந்தச் சேறு வேலை இல்லை. பதிலாக வாரம் இருமுறை வால்வு வேலை உண்டு. எந்த முறையிலும் ஏதோ ஒரு வேலை மிஞ்சும்.

உங்கள் ஊராட்சியில் யாராவது இப்படியொரு படுகை அமைக்கலாம் என்று திட்டத்தோடு வந்து, "ஒருமுறை கட்டிவிட்டால் போதும், பராமரிப்பே தேவையில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் ஒதுக்கியிருக்கிறீர்கள்? டீக்கடை, ஓட்டல், மண்டபத்தின் எண்ணெய்ப் பிசுக்கு எங்கே நிற்கும்? வாரம் இருமுறை வால்வைத் திருப்பப்போகும் ஆளின் பெயர் என்ன, அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.